தேவசகாயம் போனை எடுப்பதில்லை

போன் அடிக்கிறது. தேவசகாயம் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கையை முழு நீளத்துக்கு நீட்டி, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, திரையில் வந்த பெயரைப் படிக்கிறார். எழுத்து மங்கலாகத் தெரிய ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகிறது. கண்ணாடி போடச் சொன்னால், "கண்ணாடி கிணத்துல வுழுந்தா அதுக்கு வேற எறங்கணும்" என்பார். படித்து முடித்ததும் கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அழுத்தி அழைப்பை வெட்டுகிறார். போன் பைக்குள் போகிறது. ஸ்பேனர் கைக்கு வருகிறது.

எடுத்து ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"பேசினா மட்டும் மோட்டார் ஓடிருமா சிஸ்டரம்மா? தண்ணி வர்லன்னுதான் சொல்லப்போறான். தண்ணி வந்தா எவன் எனக்கு போன் போடுவான்?"

கடப்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் தேவசகாயம்தான் வர வேண்டும். இந்தக் கடலோரத்து உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்கிறது. அதனால் அவருக்கு வேலை ஓய்வதில்லை. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். குள்ளமான ஆள், அகலமான தோள். லுங்கியை மடித்துக் கட்டினால் உள்ளே காக்கி அரைக்கால் சட்டை தெரியும், அதன் பையில் ஒரு டெஸ்டர். போனை பாலிதீன் உறைக்குள் போட்டு மேலே ரப்பர் பேண்டு மாட்டியிருப்பார். பொத்தானை அழுத்துவதெல்லாம் உறைக்கு மேலேயே. கிரீஸ் படிந்த அந்த உறை வழியாகத் தெரிகிற பெயரை அவரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது.

பெயர் என்று சொன்னேன். உண்மையில் மனிதர்களின் பெயர் அதில் கிடையாது. மகள் சிநேகாவிடம் சொல்லி அவர் பதிந்து வைத்திருப்பதெல்லாம் மோட்டார்கள். 'அரை ஹெச்பி டீச்சர்', 'தென்னந்தோப்பு ஒன்றரை', 'காயில் போனது, சர்ச் தெரு'. நான் 'சிஸ்டர் ஒரு ஹெச்பி'. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்தவள் நான். அவருக்கு என் மோட்டாரின் சக்திதான் கணக்கு. மனைவி எல்லம்மாளிடம் இருக்கும் போனுக்கு மட்டும் 'வூடு' என்று பெயர்.

அவருடைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சட்டம் தெரியும். ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவர் வெட்டினால் பார்த்துவிட்டார், வருவார் என்று பொருள். வெட்டாமல் அடித்து ஓய்ந்தால் கை வேலையாக இருக்கிறார், அப்புறம் பார்ப்பார். யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. விடாமல் திரும்பத் திரும்ப அடிக்கிறவர்களுக்கு நேரில் கிடைக்கும்: "ஒரு தபா அடிச்சா போதாதா? நான் இன்னா செவுடா?"

போன் வந்ததிலிருந்து வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேவசகாயமும் சொல்வார். தொண்ணூறுகளில் மோட்டார் நின்றால் சைக்கிள் எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வர வேண்டும், அல்லது பக்தவத்சலத்தின் எஸ்டிடி பூத்தில் சொல்லி வைக்க வேண்டும். தேடி வருகிறவன் எங்கே வருவான்? வீட்டுக்குத்தான். அதனால் தேவசகாயம் மத்தியானம் வீட்டில் இருந்தாக வேண்டியிருந்தது. சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, யாராவது வந்தால் கிளம்புவார். போன் வந்ததும் எங்கே இருந்தாலும் கூப்பிடலாம் என்று ஆயிற்று. மரக்காணம் பக்கம் கூப்பிட்டார்கள், மாமல்லபுரத்து விடுதிகளில் கூப்பிட்டார்கள். இரண்டு வேலை முடிகிற நேரத்தில் நாலு வேலை முடிந்தது. இருட்டிய பிறகுதான் வீடு.

எல்லம்மாள் அப்போது சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். பேச ஆரம்பித்தால் அடுப்பில் சோறு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாது அவளுக்கு. என் வீட்டு மோட்டாரை அவர் கழற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் வாசலில் நின்று சொன்னாள்: "ஊர்ல கீற வூட்டுக்கெல்லாம் இவரு போன் நம்பர் கீது சிஸ்டரம்மா. எங்க வூட்டுக்கு மட்டும் இவரு எப்போ வருவாருன்னு அந்த போனாலயே சொல்ல முடியாது."

"வந்துகினுதானே கீறேன்?"

"வந்துகினே கீற. வந்து சேர்றதுதான் இல்ல."

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு முழுக்கப் போய்விட்டது. கேட்பது, புரிவது, கோபப்படுவது எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை. செங்கல்பட்டிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று நான் போய் தேவசகாயத்துக்குச் சொல்லிக் கொடுத்தேன். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது, எந்தப் பக்கம் தலையணை வைப்பது. கவனமாகக் கற்றுக்கொண்டார். ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. கழிவறைக்கும் குளியலறைக்கும் அவளை நடத்திக் கூட்டிப் போகச் சொன்னேன். அவர் தூக்கிக்கொண்டு போனார்.

"தூக்கினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும் சிஸ்டரம்மா. நடக்க வெச்சா அரை மணி நேரம் பூடும். அதுக்குள்ள நாலு பேரு அடிச்சிருவான்."

"அந்த அரை மணி நேரம்தான் மருந்து" என்றேன். தலையை ஆட்டினார். மறுநாளும் தூக்கிக்கொண்டுதான் போனார்.

வேலைக்குப் போகாமல் முடியாது. போனால் அவள் தனியாக இருக்க வேண்டும். நான் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு முறை எட்டிப் பார்ப்பேன், மற்ற நேரத்துக்கு என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே வழி கண்டுபிடித்தார். பொத்தான்கள் ரப்பரில் புடைத்துக்கொண்டிருக்கும் பழைய போன் ஒன்றை வாங்கி வந்தார். அந்தப் போன்களில் ஐந்தாம் எண் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் அவருடைய எண்ணுக்குப் போகும்படி சிநேகாவை வைத்து ஏற்பாடு செய்தார். போன் எப்போதும் தலையணைக்கு அடியில் இருக்கும்; எல்லம்மாள் பார்க்காமலே இடது கை விரலால் புள்ளியைத் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள்.

"பேச்சுதானே பூட்ச்சி? மிஸ்டு கால் குடுக்க வாய் எதுக்கு?" என்றார்.

அவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஒரு தடவை அடித்தால் சும்மா, நான் இருக்கிறேன் என்று. அவர் வெட்டினால், நானும் இருக்கிறேன் என்று. விடாமல் அடித்தால் உடனே வா. இதில் உடனே வா என்பது அபூர்வம். சும்மாதான் அதிகம். கிணற்றடியில், தோப்பில், யாருடைய மொட்டை மாடியிலோ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்கும்போது 'வூடு' அடிக்கும். மற்றவர்களின் அழைப்பை வெட்டுகிற அதே கட்டைவிரல்தான். ஆனால் இதற்கு மட்டும் விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு வெட்டுவார். அவர் கூட வேலை செய்யும் செல்வராஜ் கிண்டல் செய்வான்: "இன்னா அண்ணாத்த, லவ்வா?"

"மூட்றா. பைப்பப் புடி."

இது சென்ற ஆடி மாதம் நடந்தது. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்து பிரவின்குமார் என்று ஒரு ஐடி கம்பெனிக்காரர் வீடு கட்டியிருக்கிறார். விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு வந்து தங்குவார். அங்கே திறந்த கிணறு. மோட்டார் கிணற்றுக்குள், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு திட்டில் இருக்கிறது. தேவசகாயம் சட்டையைக் கழற்றிக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு இறங்கினார். போன் சட்டைப் பையில் இருந்தது.

'வூடு' அடித்தது. சும்மா அழைப்புதான். வெட்டுவதற்கு ஆளில்லை. வெட்டு வரவில்லையே என்று எல்லம்மாள் இன்னொரு தடவை அடித்தாள். பிறகு இன்னொரு தடவை. சுவரோரம் நின்றுகொண்டிருந்த பிரவின்குமார் நல்ல மனிதர். இவ்வளவு அடிக்கிறார்களே, ஏதோ அவசரம் என்று போனை எடுத்தார்.

அந்தப் போன் வாங்கி இத்தனை வருடத்தில் எல்லம்மாளின் அழைப்பை யாரும் எடுத்ததில்லை. எடுப்பது அவர்கள் சட்டத்தில் இல்லை. அவள் காதில் ஒரு அந்நிய ஆண் குரல் கேட்டது:

"ஹலோ... அவர் கிணத்துல இருக்காருங்க. வர முடியாது. யார் பேசறது? ஹலோ?"

அவளால் திருப்பிக் கேட்க முடியாது. எந்தக் கிணறு, என்ன ஆயிற்று, உயிர் இருக்கிறதா என்று எதையும் கேட்க முடியாது. பிரவின்குமார் இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

தேவசகாயம் மேலே ஏறி வந்ததும் அவர் சொன்னார்: "அண்ணா, உங்க போன் விடாம அடிச்சுது, எடுத்துட்டேன். யாரும் பேசல. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"நீங்க இன்னா சார் சொன்னீங்க?"

பிரவின்குமார் தான் சொன்னதை அப்படியே சொன்னார். தேவசகாயம் ஈர உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு தன் வண்டியை நோக்கி ஓடினாராம். அவருடைய பழைய மொபெட்டில் கடப்பாக்கம் வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பிரவின்குமார் காரை எடுத்தார். காரில் உட்கார்ந்து தேவசகாயம், வாழ்க்கையில் முதல் முறையாக, காசைப் பற்றி நினைக்காமல் வீட்டுக்கு முழுசாக அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் வெட்டவில்லை.

நான் வழக்கம்போல் மத்தியானம் அங்கே போனேன். எல்லம்மாள் கட்டிலில் இல்லை. வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைட்டி முழங்காலில் கிழிந்து, ரத்தம் காலோடு வழிந்து காய்ந்திருந்தது. வலது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. கட்டிலிலிருந்து அறை வாசல்வரை விழுந்து ஊர்ந்திருக்கிறாள். அதன் பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நடந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு என் புடவையைப் பிடித்து சாலைப் பக்கம் இழுத்தாள். தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உள்ளே போன் அடித்தது. அவளை நாற்காலியில் உட்கார வைக்காமல் எடுக்கப் போனால் விழுவாள். சாய்த்துப் பிடித்தபடியே அவளோடு கட்டில்வரை போய், எட்டி எடுத்தேன்.

"தேவா?"

அவருக்கும் என் குரல் அந்நியக் குரல்தான். வீட்டுப் போனிலிருந்து வேறு யாரோ பேசினால் என்ன அர்த்தம் என்று அவரும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்.

"நான் சிஸ்டர். நீ நல்லா இருக்கியா?"

"எல்லம்மா... எல்லம்மா எங்க?"

"இங்கேதான் இருக்கா. நிக்கிறா."

"நிக்கிறாளா?"

"நிக்கிறா. நடந்து வாசலுக்கு வந்திருக்கா. முழங்கால்ல அடி. உன் குரல் அவளுக்குக் கேக்கணும், பேசு."

போனை அவள் காதில் வைத்தேன். அவர் என்ன சொன்னாரோ, என் தோளில் அவள் கனம் முழுவதும் சரிந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார வைக்க முடிந்தது. கார் அப்போது பாலாற்றுப் பாலத்தைக் கூடத் தாண்டவில்லை என்று பிறகு பிரவின்குமார் சொன்னார். அவரிடமும் அவளிடமும் என்னிடமும் போன் இருந்தது; எனக்கு அடிக்க அவருக்குத் தோன்றவில்லை. ஒருவர் இன்னொருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அவள் நடந்ததை அக்கம்பக்கத்தில் அதிசயம் என்றார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காலில் பலம் எப்போதோ திரும்ப ஆரம்பித்திருந்தது. தூக்கித் தூக்கிக் கொண்டுபோனதில் அது யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. இதைத் தேவசகாயத்திடம் நேராகவே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், முழங்கால் காயத்துக்கு நான் கட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகா வந்தாள். சிங்கப்பெருமாள் கோயிலில் கணவனோடு குடியிருக்கிறாள். அங்கேயுள்ள கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. அம்மாவுக்குப் புதுப் போன் ஒன்றும் வாங்கி வந்திருந்தாள். பொத்தானே கிடையாது, கண்ணாடியைத் தொட்டால் போதும் என்கிற வகை. எல்லம்மாள் இடது கை விரலால் அதைத் தடவினாள். எங்கே தடவினாலும் வழவழவென்று ஒரே மாதிரி. பாட்டு ஒன்று பாடி நின்றது. பிறகு கேமரா திறந்து வீட்டுக் கூரை தெரிந்தது. தேவசகாயம் வாங்கிப் பார்த்தார். அவர் விரலுக்கு அது அசையவே இல்லை.

"ரேகை தேஞ்ச வெரலு. நம்பள ஆளாவே மதிக்க மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

சிநேகா சிரிக்கவில்லை. அவள் வேறொன்று சொல்ல வந்திருந்தாள்.

"நைனா, அம்மாவ நான் இட்டுனு போறேன். போன நம்பி வுட்டுட்டு போறியே, போன் இன்னா நர்ஸா?"

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்கி பூட்டா அங்க மட்டும் யாரு கீறா?"

"பக்கத்து வூட்டு வசந்தாம்மா கூடவே இருப்பாங்க. பேசி முடிச்சிட்டேன்."

"நான் இனிமே பாலத்துக்கு அந்தாண்ட வேல எடுக்க மாட்டேன். இங்கயே, கூப்பிட்டா ஓடியாற தூரத்துலயே பாத்துக்குறேன்."

"ஊர்ல எல்லாரும் போன் வெச்சிகினு வேலைய பெருசாக்குறான். கம்மி பண்ணிக்கிற ஒரே ஆளு நீதான் நைனா."

இதற்கு அவர் ஏதாவது பதிலுக்கு அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வாசல்பக்கம் திரும்பி, என்னிடம் சொல்கிறவர் போல மெதுவாகச் சொன்னார்: "அது சொல்றதும் கரெக்ட்டுதான் சிஸ்டரம்மா. அந்தக் கிணத்துல நான் நெசமாவே பூட்டிருந்தா? இவ வாசல்லயே நின்னுகினு இருந்துருப்பா."

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. எந்த வீடாக இருந்தாலும் தூக்கக் கூடாது, நடத்த வேண்டும் என்பதை மட்டும் மறுபடி ஒரு முறை சொல்லிவிட்டு, பழைய கட்டைப் பிரித்துக் காயத்தைத் துடைத்தேன். நன்றாக ஆறிக்கொண்டிருந்தது.

சிநேகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "யம்மா, யாரு சொல்றதும் வாணாம். நீ சொல்லு. என்கூட வர்றியா?"

எல்லம்மாள் மகளைப் பார்த்தாள். கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பிறகு தன் இடது கையை இழுத்துக்கொண்டு தலையணைக்கு அடியில் விட்டாள்.

தேவசகாயத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் கட்டிலுக்கு மறுபக்கம், கை நீட்டினால் அவளைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம், போனை எடுத்து, கையை நீட்டி, கழுத்தைச் சாய்த்துப் பெயரைப் படித்தார். கட்டைவிரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார். வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். பாலிதீன் உறையின் ரப்பர் பேண்டைக் கழற்றினார். உறையை உருவிக் கட்டில்மேல் வைத்தார். பச்சைப் பொத்தானை அழுத்திப் போனைக் காதில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லு" என்றார்.